எதுவும் வேண்டாதவன்

ஒருதலையாகக் காதலிப்பவன் தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லும்போது நம் மனம் ஏன் உடனே அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்ற கேள்வி சில காலமாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. கேட்காதவன் நல்லவன் என்றுதான் நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். பந்தியில் இன்னொரு முறை கேட்டு வாங்காதவன், பங்கு பிரிக்கும்போது வாய் திறக்காத தம்பி, சம்பள உயர்வு கேட்காத குமாஸ்தா, இவர்களுக்கெல்லாம் ஊரில் ஒரு தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பில் ஒரு பங்கு காதலனுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. என் உறுத்தலுக்கு ஒரு முகமும் இருக்கிறது. வார்சாவின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில், விடிகாலையில், பால் புட்டியும் கையுமாக ஒரு பெண்ணின் வாசலில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனின் முகம் அது. போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி தொலைக்காட்சிக்காக எடுத்த பத்துப் படங்களின் வரிசையான டெக்கலாக்கில் ஆறாவது படத்தின் டோமெக். எதிர்ச் சன்னலிலிருந்து தன்னைத் தொலைநோக்கியில் பார்த்துவந்தவன் இவன்தான் என்று தெரிந்துகொண்ட மக்தா, ஏன் என்று கேட்கிறாள். காதலிப்பதால் என்கிறான். சரி, என்னிடமிருந்து என்ன வேண்டும்? முத்தமா? இல்லை. கூடப் படுக்க வேண்டுமா? இல்லை. எங்காவது ஊருக்குப் போக வேண்டுமா? அதுவும் இல்லை. பிறகு என்னதான் வேண்டும்? எதுவுமில்லை. டோமெக்காக நடிக்கும் ஓலாஃப் லுபாஷென்கோ அந்தப் பதிலைக் கொஞ்சமும் நடிக்காமல் சொல்கிறார். பொய் சொல்லத் தெரியாத முகம். ஒவ்வொரு முறையும் அங்கே நான் இளகிவிடுகிறேன். இளகிய மறுகணமே எரிச்சலும் வந்துவிடுகிறது. இந்தப் பதிலை நான் நம்பியிருக்கக் கூடாது, ஏனென்றால் அதற்கு முன்னால் அரைமணி நேரமாக அவன் எடுத்துக்கொண்டதையெல்லாம் கூடவே உட்கார்ந்து பார்த்தவன் நான்.

அவன் எடுத்துக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கு வந்த கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். தபால் நிலையத்தில் வேலை. வாசலில் ஒரு நிமிடம் நிற்கலாம் என்பதற்காகவே பால் போடும் வேலையில் சேர்ந்துகொள்கிறான். தொலைபேசியில் அழைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான். அவள் ஓர் ஆணோடு இருக்கும் இரவில் எரிவாயு கசிகிறது என்று புகார் கொடுத்து வேலையாட்களை அவள் வீட்டுக்கு அனுப்புகிறான். அந்தத் தொலைநோக்கியே திருடியதுதான். இவற்றிலெல்லாம் என்னை அதிகம் தொந்தரவு செய்வது மணியார்டர் சீட்டு. அவள் பெயருக்குப் பணம் வந்திருப்பதாக ஓர் அறிவிப்புச் சீட்டை எழுதி அவளுடைய தபால் பெட்டியில் போட்டுவிடுகிறான். அவள் சீட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இவன் உட்கார்ந்திருக்கிறான். இருப்பதைத் தேடுகிறவனைப் போலவே தேடுகிறான், பிறகு உங்களுக்குப் பணம் எதுவும் இல்லையே என்கிறான். ஒரு நிமிடம் அவளை எதிரில் பார்த்தாயிற்று. அடுத்த முறை சீட்டோடு வந்தவள் மேலதிகாரி வரைக்கும் போகிறாள். அந்த அம்மாள் அவளையே மோசடிக்காரியாக்கிச் சத்தம் போடுகிறாள். வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். மக்தா வெளியே நடந்துவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் பின்னால் ஓடிப்போய், பணம் எதுவும் வரவில்லை, சீட்டைப் போட்டது நான்தான், உங்களைப் பார்ப்பதற்காக, என்று ஒப்புக்கொள்கிறான். அவனுக்குக் கிடைத்தது ஒரு நிமிடம். அவளுக்கு ஆனது, பொதுஇடத்தில் ஒரு பொய்க்காரியாக நிறுத்தப்பட்டது. இந்தக் கணக்கு அவனுக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. கேட்பவனிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். அதோடு அவன் போய்விட வேண்டும், போகாவிட்டால் அது அடாவடி என்று எல்லோருக்கும் தெரியும். எதையும் கேட்காதவனை எதைச் சொல்லி மறுப்பது? மறுக்கப்படாதவன் நிறுத்தவும் வேண்டியதில்லை. டோமெக்கின் பணிவு அவனுக்கு ஒரு வரம்பில்லாத அனுமதிச் சீட்டாக ஆகிவிடுகிறது. அதை அவனே எழுதி அவனே முத்திரை குத்திக்கொள்கிறான், மணியார்டர் சீட்டைப் போலவே.

நம் இலக்கணக்காரர்கள் இந்த விவகாரத்தில் நம்மைவிடக் கறாரானவர்கள். தொல்காப்பியத்தின் ஏழு திணைகளில் நடுவே உள்ள ஐந்துக்குத்தான் அன்பின் ஐந்திணை என்ற தகுதி. முன்னால் நிற்கும் ஒருதலைக் காமமான கைக்கிளையும் பின்னால் நிற்கும் பொருந்தாக் காமமான பெருந்திணையும் வெளியே தள்ளப்பட்டவை, அவற்றுக்கு நிலமும் கிடையாது. குறிஞ்சிக்கு மலையும் நெய்தலுக்குக் கடலும் இருப்பதுபோல் ஒருதலைக் காமத்துக்கு ஒரு மண் இல்லை, ஒரு மரமோ பறவையோ பொழுதோ இல்லை. இதை இழிவுபடுத்தல் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது அது ஒரு கூர்மையான கவனிப்பாகத் தோன்றுகிறது. ஒருதலையாக நேசிப்பவன் எந்த இடத்திலும் முழுதாக இல்லை. அவன் வாழ்வது இன்னொருவர் வீட்டில். கைக்கிளைக்குத் தொல்காப்பியர் தரும் இலக்கணத்தின் நடுநாடி, எதிர்ப்பேச்சு கிடைக்காமலே பேசிப் பேசி அதில் இன்பம் காண்பது. அந்த இலக்கணத்துக் காதலன் பேசவாவது செய்கிறான். டோமெக் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அவள் ‘ஹலோ’ என்பதைக் கேட்டுக்கொண்டிருப்பவன், அதாவது கைக்கிளையிலிருந்து சொல்லையும் பிடுங்கிவிட்டு மிச்சமிருக்கும் மௌனத்தில் இன்பம் காண்பவன். கீஸ்லோவ்ஸ்கி இந்த நிலமற்ற திணைக்கு ஒரு நிலம் கொடுத்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டு கான்கிரீட் கட்டடங்கள், நடுவே பனி படிந்த வெற்றிடம், இரவில் சதுரம் சதுரமாக எரியும் சன்னல்கள். பத்துப் படங்களின் மனிதர்களும் இதே குடியிருப்பில்தான் இருக்கிறார்கள். ஒரு படத்தின் நாயகன் இன்னொரு படத்தில் மின்தூக்கிக்குக் காத்திருப்பான். ஆனால் அந்தச் சன்னல்களின் சதுரம் இந்தப் படத்துக்கு இருக்குமளவுக்கு வேறெதற்கும் உரிப்பொருளாக இல்லை. பொழுது கூட உண்டு: இரவு எட்டரை. மக்தா வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்கு அவன் அலாரம் வைத்திருக்கிறான்.

அந்த அலாரம் அடிப்பதைக் கேட்டால் இப்போது வேறொன்றும் ஞாபகம் வருகிறது. கைப்பேசியில் நெட்டுக்குத்தாகப் பார்க்கும் குறுந்தொடர்கள், ஒன்றோ இரண்டோ நிமிடத்தில் ஓர் அத்தியாயம், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவது. அவற்றில் காதல் என்றால் பெரும்பாலும் பணக்காரன் ஒருத்தியின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவது, அவள் போன இடமெல்லாம் ஆள் வைத்துக் கண்காணிப்பது, கடைசியில் அதெல்லாமே அன்பின் மிகுதி என்று தெரியவருவது. அவற்றைத் திட்டி எழுதுவது சுலபம், அதனால் எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு நிமிடமும் ஒரு கொக்கியில் முடிந்து அடுத்ததற்கு ஏங்கவைக்கும் அந்த வடிவமே ஓர் ஏக்க நோயைப் பார்ப்பவருக்கு ஊட்டுகிறது. கதையில் யார் யாரைத் துரத்தினாலும் உண்மையில் துரத்திக்கொண்டிருப்பது நாம்தான். கீஸ்லோவ்ஸ்கி இதை 1988லேயே தொலைக்காட்சிக்காரர்களின் முகத்துக்கு நேராகச் செய்துவிட்டார். டோமெக் தங்கியிருப்பது ஊரில் இல்லாத நண்பனின் தாய் வீட்டில். அந்த மூதாட்டி முன்னறையில் அழகிப்போட்டி பார்த்துக்கொண்டு, நீயும் வாயேன் என்று அவனைக் கூப்பிடுகிறாள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நாடே உட்கார்ந்து பெண்களைப் பார்க்கிறது, இந்தப் பக்கம் இவன் ஒருத்தியை மட்டும் பார்க்கிறான். நாட்டுக்கு அது பொழுதுபோக்கு, இவனுக்குக் குற்றம். மூதாட்டிக்கும் ஒரு கைக்கிளை உண்டு என்பதைப் படம் அதிகம் பேசாமல் சொல்லிவிடுகிறது: மகனும் போய்விட்டான், இவனும் போய்விட்டால் தனிமை. பிறகு மக்தா வந்து கதவைத் தட்டும்போது அவளை இவனிடம் நெருங்கவிடாமல் நிற்கும் அந்தக் கிழவியின் கண்டிப்பில் தாய்மை எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வரவில்லை.

கீஸ்லோவ்ஸ்கி இந்தப் பையனை இவ்வளவு உள்ளிருந்து அறிந்திருந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது அவருடைய தொழிலில் இருக்கிறது. அவர் முதலில் ஆவணப்பட இயக்குநர். 1974இல் ‘முதல் காதல்’ என்று ஒரு படம் எடுத்தார். மிக இளம் வயதிலேயே கருவுற்றுத் திருமணம் செய்துகொள்ளும் ஒரு ஜோடியை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, குழந்தை பிறப்பது வரை கேமரா கூடவே இருக்கிறது. அதில் ஒரு காட்சி: அந்த ஜோடி பதிவில்லாமல் தங்கியிருக்கும் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்து விசாரிக்கிறார். அந்தப் போலீஸ்காரரை அனுப்பியது தானே என்று கீஸ்லோவ்ஸ்கி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி, அது ஆபத்தான காரியம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நடப்பதை நடக்கிறபடி மட்டும் பார்க்க வந்தவர், கொஞ்சம் ஏதாவது நடக்கட்டுமே என்று ஒரு சீருடைக்காரரை உள்ளே விடுகிறார். டோமெக் தொலைபேசியை எடுத்து எரிவாயுக் கசிவு என்று புகார் சொல்லும் காட்சியை இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. இரண்டு வேலையாட்கள் அவள் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பை முகர்ந்து பார்க்கிறார்கள், அவள் பாதி உடுத்திய நிலையில் நிற்கிறாள், எதிர்ப்பக்கத்தில் ஒருவன் தன் கைவரிசையைக் கண்ணாடி வழியே ரசிக்கிறான். அந்தக் காட்சியை எழுதிய கைக்கு அந்த ரசனை தெரியும். எதையும் மாற்ற மாட்டேன், பார்க்க மட்டும்தான் செய்வேன் என்று உறுதி சொல்பவன் முதலில் மாற்றுவது பார்க்கப்படுகிறவரின் வாழ்க்கையைத்தான்.

இன்னொரு சம்பவமும் உண்டு. 1980இல் வார்சா மத்திய ரயில் நிலையத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து அவருடைய படச்சுருள்களைக் கைப்பற்றிப் போட்டுப் பார்த்தது. கொலை செய்துவிட்டு உடலை அந்த நிலையத்தின் பெட்டக அறையில் வைத்துவிட்டுப் போன ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தற்செயலாக அவள் அந்தச் சுருளில் பதிவாகவில்லை. பதிவாகியிருந்தால், தனக்குத் தெரியாமலே தான் ஓர் உளவாளியாகியிருப்பேன் என்ற எண்ணம் அவரை உலுக்கிவிட்டது. ஆவணப்படத்திலிருந்து அவர் விலகியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார். உண்மையான கண்ணீரைப் படமெடுக்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்ற அச்சம் அவருக்கு. கிளிசரின் கண்ணீர் அதைவிட நிம்மதி. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மக்தா பாலைக் கொட்டும் இரவைப் பார்க்க வேண்டும். யாருடனோ முறித்துக்கொண்டு வந்தவள் மேசையில் உட்காருகிறாள். புட்டி சரிந்து பால் பரவுகிறது. அவள் துடைப்பதில்லை. விரலால் அந்தப் பாலில் ஏதோ கோடு இழுத்துக்கொண்டே தலை கவிழ்ந்து அழுகிறாள். சத்தம் நமக்குக் கேட்காது, நாம் இருப்பது எதிர்க் கட்டடத்தில். காலையில் அவன் கொண்டுவந்து வைத்த பால்தான் அது என்பதைப் படம் சுட்டிக்காட்டுவதில்லை. டோமெக் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுப் போய்க் கிழவியிடம் மனிதர்கள் ஏன் அழுகிறார்கள் என்று கேட்கிறான். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். ஆனால் அவன் அதை அழுதுகொண்டிருப்பவளிடம் போய்க் கேட்கவில்லை என்பதையும் மறக்க முடியவில்லை.

மக்தா அவனை நடத்திய விதத்தைப் பற்றி நிறையப் பேர் கோபத்தோடு பேசிக் கேட்டிருக்கிறேன். தன் வீட்டுக்கு அழைத்துவந்து, அவன் கைகளைத் தன் தொடைமேல் வைத்து, அவன் உடல் ஒரு நொடியில் தோற்றுப்போனதும், காதல் என்பது இவ்வளவுதான், போய்க் கழுவிக்கொள் என்கிறாள். கொடுமைதான். ஆனால் அது அவனுக்கு அவள் தரும் முதல் நேரடியான பதில் என்பதும் உண்மை. எதுவும் வேண்டாம் என்றவனிடம், உனக்கும் ஓர் உடம்பு இருக்கிறது, அது ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று காட்டிவிடுகிறாள். அவன் ஓடுகிறான், வீட்டுக்குப் போய்த் தன் மணிக்கட்டுகளை அறுத்துக்கொள்கிறான். பிழைத்துக்கொள்கிறான். இந்த இடத்தில்தான் எனக்குப் படத்தோடு நெடுநாள் சண்டை. காதல் கைகூடாதவன் பனைமடல் குதிரையில் ஊரறிய வருவதே மடலேறுதல்; மடலேறுவேன் என்று சொல்வதை ஐந்திணைக்குள் அனுமதித்த இலக்கணம், ஏறிவிட்டால் அது பெருந்திணை என்று வெளியே தள்ளிவிட்டது. சொல்லும்வரை அது ஒரு தவிப்பு; செய்துவிட்டால் அது ஊரைக் கூட்டி ஒரு பெண்ணை வளைப்பது. பனைமடலில் ஏறுகிறவன் உடம்பெல்லாம் கிழிபட்டுத் தெருவில் வருகிறான். அவளுடைய வீட்டார் இனி வேறென்ன செய்ய முடியும்? டோமெக் ஏறியது தெருவில் இல்லைதான், கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் வளைக்கும் நோக்கமில்லாமல். ஆனாலும் செய்தி அவளிடம் வந்துசேர்ந்துவிடுகிறது, ஒரு தபால்காரர் வாய்வழியாக, காதலாம் என்ற சேதியோடு. பொய்ச் சீட்டுகளைச் சுமந்த அதே துறை இதையும் சுமந்து வருகிறது. அதன் பிறகு அவள் மாறிவிடுகிறாள். எதிர்ச் சன்னலில் விளக்கு எரிகிறதா என்று அவள் பார்க்க ஆரம்பிக்கிறாள். திரும்பி வா, மன்னித்துக்கொள் என்று தாளில் எழுதிக் கண்ணாடியில் காட்டுகிறாள். தொலைபேசி அடித்து மறுமுனையில் சத்தமில்லாமல் இருந்தால் அவன்தான் என்று நினைத்து, நீ சொன்னது சரி என்று பேசுகிறாள். அது வேறு யாரோ, இணைப்புக் கோளாறு. எதிர்ப்பேச்சு இல்லாமல் பேசும் பொறுப்பு இப்போது அவளுக்கு வந்துவிட்டது.

பெண்ணுக்கு மடலேற்றம் இல்லை என்பது பழைய விதி; திருமங்கையாழ்வார் மட்டும் தன் இரண்டு மடல்களிலும் பெண் குரலில் நின்றுகொண்டு அந்த விதியை மீறிப் பார்த்தார். அவருக்கு எதிரில் நின்றவன் கடவுள், அதனால் கேட்பவர்களுக்குச் சங்கடம் இல்லை. மக்தாவுக்கு எதிரில் நிற்பவன் தன் கடிதங்களைத் திருடிய பையன். அவள் அவனிடம் திரும்புவதைக் காதல் என்று எழுதியவர்கள் உண்டு, குற்றவுணர்ச்சி என்றவர்களும் உண்டு. இரண்டுமே எனக்குப் போதவில்லை. தினமும் எட்டரைக்கு யாரோ ஒருவர் தன் வீடு திரும்பலுக்குக் காத்திருந்தார் என்பது காலம் கடந்து தெரியவரும்போது, அந்த எட்டரை மணிகளெல்லாம் திரும்பக் கணக்கில் ஏறுகின்றன என்று நினைக்கிறேன். தனியாகச் சாப்பிட்டதாக நினைத்த இரவுகளில் அவள் தனியாக இல்லை. அதைத் திருட்டு என்றும் சொல்லலாம், துணை என்றும் சொல்லலாம். திருட்டு என்றே நான் சொல்வேன். ஆனால் அவளுக்கு அது என்னவாகத் தெரிந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்பதில்தான் தடுமாற்றம்.

இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் இருப்பது அந்தத் தடுமாற்றத்தை இன்னும் கூட்டுகிறது. டெக்கலாக்கை எடுக்கப் பணம் போதாமல், இரண்டு பாகங்களைத் திரையரங்குக்கும் நீட்டித் தருகிறேன் என்று கீஸ்லோவ்ஸ்கி ஒப்புக்கொண்டிருந்தார். ஐந்தாவதும் ஆறாவதும் அப்படி நீட்டப்பட்டவை. தொலைக்காட்சியின் ஏறக்குறைய ஒரு மணி நேர வடிவத்தில், கட்டுப் போட்ட கைகளோடு தபால் நிலையத்துக்குத் திரும்பிவிட்ட டோமெக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, இனி நான் உங்களைப் பார்ப்பதில்லை என்கிறான். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. திரையரங்குக்குப் போன ‘காதலைப் பற்றி ஒரு குறும்படம்’ இன்னும் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது, அதில் மக்தா அவன் அறைக்கே வருகிறாள். அவன் தூங்குகிறான். தொலைநோக்கியில் கண்ணை வைக்கிறாள், தன் வீட்டுக்குள் தன்னையே பார்க்கிறாள்: பால் கொட்டிய அதே இரவு, அழுதுகொண்டிருக்கும் அவள் தோளில் டோமெக் கை வைத்து நிற்கிறான். பிரைஸ்னரின் இசை வேறு. முதல் முறை பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. பிற்பாடு யோசித்து, குறுகிய வடிவம்தான் நேர்மையானது என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நீண்டதில் வருவது ஒளிந்து பார்ப்பவர்கள் எல்லோரும் ஆசைப்படும் மன்னிப்பு, பார்க்கப்பட்டவளே வந்து அதே கண்ணாடி வழியாகப் பார்த்து, நீ பார்த்தது ஆறுதல்தான் என்று சான்றிதழ் கொடுப்பது, ஆக இது ஆணின் கனவு என்று நண்பர்களிடம் வாதாடியும் இருக்கிறேன். அந்த வாதத்துக்கு இடைஞ்சலாக ஒரு தகவல் இருக்கிறது. அந்த நீண்ட முடிவைக் கேட்டு வாங்கியது கீஸ்லோவ்ஸ்கி இல்லை, மக்தாவாக நடித்த கிரஜீனா ஷபொவோவ்ஸ்கா. பார்ப்பவர்களுக்கு ஒரு கதை வேண்டும், விசித்திரக் கதையில் வருவதுபோல் ஒன்று வேண்டும் என்று அவர் இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார். இயக்குநரும் அதை உடனே விரும்பித் திரைப்பட வடிவத்தில் சேர்த்துக்கொண்டு, தொலைக்காட்சிக்குத் தன் வறண்ட முடிவையே வைத்துக்கொண்டார். சன்னலுக்கு அந்தப் பக்கம் நாள்கணக்கில் கேமராவால் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான், கேட்டதும் அவர்தான். ஆணின் கனவு என்ற என் விளக்கத்தை இதற்குப் பிறகு யாரிடமும் நான் எடுத்துச் செல்லவில்லை, இன்னொரு விளக்கமும் இதுவரை கிடைக்கவில்லை.